நாற்பத்து மூன்று கிளுவை

கிளியம்மாளுக்குப் பறவைகள் மேல் ஒரு பிரியமும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏரிக்கரையில் ஏழு வருஷம் பறவை எண்ணினாள் என்றதும், அவள் பட்சிகளோடு பேசியிருப்பாள், இறக்கை ஒடிந்த கொக்குக்கு மஞ்சள் பற்றுப் போட்டிருப்பாள் என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தயாராகிற ஆசாமிகள் இருக்கிறார்கள். அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். அவளுக்கு நாரை என்றால் நாற்றம். நாமக்கோழி என்றால் குழம்பு. ஐப்பசியில் எங்கிருந்தோ கூட்டம் கூட்டமாக வந்து இறங்கி, பங்குனியில் கிளம்பிப் போகிற கிளுவை என்னும் சிறு காட்டு வாத்துகளைப் பற்றி அவள் அபிப்பிராயம் இதுதான்:

"ஆறு மாசம் இங்க வந்து துன்னுது, தூங்குது, பேண்டு வெக்குது. வெயிலு ஏறுனா சொல்லாம கொள்ளாம பூடுது. இதுங்களுக்கு ஒரு பூங்கா, அதுக்கு ஒரு போர்டு."

போர்டு இருந்தது உண்மை. ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டுக்குப் போகிற வழியில், கீரமேட்டு ஏரிக்கரையில், அறுபத்தெட்டாம் வருஷம் இலாகாக்காரர்கள் ஒரு பறவைப் பூங்கா திறந்தார்கள். பூங்கா என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு சிமெண்ட் பெஞ்சு, ஒரு ஊஞ்சல், ஓடு போட்ட ஆபீஸ் அறை, ஏறிப் பார்ப்பதற்கு இரும்பில் ஒரு கோபுரம். கோபுரத்தின் மூன்றாவது படி திறப்பு விழா அன்றே ஒரு பிரமுகரின் காலோடு போய்விட்டது. அதன்பின் யாரும் ஏறவில்லை. 'பறவைகளைத் துன்புறுத்தாதீர்' என்ற போர்டின் காலில் ஊர்க்காரர்கள் ஆடு கட்டினார்கள்.

கிளியம்மாள் பிறந்தது பிள்ளைப்பாக்கத்தில். பேரில் மட்டும்தான் கிளி. குரல் சூளைக் குரல். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் சூளையில் கல் அறுத்தாள். சாயங்காலம் மேஸ்திரி வந்து காயப்போட்ட கல்லை எண்ணும்போது எப்போதும் நாலு வரிசை குறைத்துத்தான் எண்ணுவான். அவனை மறித்துச் சண்டை போட்டுப் போட்டு, அடுக்கைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை என்று சொல்லும் கண் அவளுக்கு வந்துவிட்டது. வானத்தில் போகிற கூட்டமானாலும் சரி, தண்ணீரில் மிதக்கிற கூட்டமானாலும் சரி, ஒரு தரம் பார்ப்பாள். "முந்நூத்தி இருவது" என்பாள். மறுபடி எண்ணிப் பார்த்தால் முந்நூற்றிருபதுதான் இருக்கும். யாரும் மறுபடி எண்ணிப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

கட்டிக்கொடுத்த இடம் கீரமேடு, கட்டிக்கொண்டவன் சுப்பன். சுப்பனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பூங்கா திறந்தபோது வாட்சர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஆண் ஆள்தான் வேண்டுமென்று காகிதத்தில் எழுதியிருந்ததால் அவன் பேரைக் கொடுத்தார்கள். இரண்டு நாள் கரையில் நடந்தான். மூன்றாம் நாள், வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று படுத்தவன், "இன்னிக்கு மட்டும் நீ போயி பாத்துக்கோமே" என்றான். அந்த இன்றைக்கு ஏழு வருஷம் நீண்டது. வேலை அவளுடையது, தினக்கூலிப் பதிவேட்டில் பேர் சுப்பனுடையது, பேருக்கு எதிரே வைக்கிற கட்டைவிரல் மறுபடியும் அவளுடையது.

"ஆம்பள பேருக்கு நான் கைநாட்டு வெக்கலாமா சார்?" என்று முதல் வாரத்தில் கேட்டாள்.

"ரேகையைப் பாத்து ஆம்பளையா பொம்பளையான்னு எவன் கண்டுபிடிக்கப் போறான்? வை, வை" என்றார் சூப்பர்வைசர் கோதண்டராமன்.

இலாகா கொடுத்த காக்கிச் சட்டையையும் சுப்பன்தான் போட்டுக்கொண்டான். டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "கவர்மெண்டு உத்தியோகம்னா சொம்மாவா? கண்ணு மூடாம பாத்துகினே இருக்கணும்" என்று ஊருக்குச் சொல்லுவான். அவள் சேற்றுக் காலோடு அந்த வழியாகப் போவாள். அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

கோதண்டராமன் காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். ரோடு போடுகிற வேலையில் இருந்தவர். அங்கே எதிலோ மாட்டிக்கொண்டு, தண்டனையாகப் பறவைகளிடம் அனுப்பப்பட்டார். பறவைகள் என்ன பாவம் செய்தனவோ தெரியாது. அவருக்கு அட்டை என்றால் பயம், தண்ணீர்ப் பாம்பு என்றால் பயம், ஏரிக் காற்று என்றால் சளி. ஏழு வருஷத்தில் ஆபீஸ் வாசலைத் தாண்டி முதல் பெஞ்சு வரைக்கும்தான் போயிருக்கிறார். ஆனால் 'வலசைப் பறவைகள் பதிவேடு' அவர் கையெழுத்தில் முத்து முத்தாக இருக்கும். காலை ஒன்பது மணிக்குக் கிளியம்மாள் வாசலில் நின்று ஒப்பிப்பாள்.

"கிளுவ ஐந்நூத்தி அறுவது. ஊசிவாலு எம்பது. உள்ளான் ஒரு நூறு கீது."

அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார். "கிளுவை... இரண்டாயிரத்து... இருநூறு."

"இன்னா சார், நான் ஒண்ணு சொல்றேன், நீங்க ஒண்ணு எழுதறீங்க?"

"நீ பாக்காதது எத்தனை இருக்கும்? புதருக்குள்ள இருக்கும், தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டு இருக்கும். அதையெல்லாம் யார் சேக்கறது?"

முங்கிக் கிடந்த ஆயிரத்துச் சொச்சம் கிளுவைகளை அவர் நாற்காலியில் இருந்தபடியே பார்த்துவிடுவார். ஒவ்வொரு வருஷமும் போன வருஷத்தைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் எழுதவேண்டும், குறைந்தால் மேலே கேள்வி கேட்பார்கள் என்பது அவர் கண்டுபிடித்த சாஸ்திரம். கிளியம்மாள் சொன்ன எண்ணிக்கை வருஷா வருஷம் இறங்கியது. பதிவேட்டில் ஏறியது. எழுபத்தைந்தாம் வருஷம் பங்குனியில், பதிவேட்டில் நாலாயிரம் கிளுவை இருந்தது. முந்தின ஐப்பசியில் மழை பொய்த்துப்போய், நடுவில் முழங்கால் தண்ணீர் மட்டும் தேங்கியிருந்த ஏரியில், வடக்கு மூலைக் கோரைப் பக்கம் நாற்பத்து மூன்று இருந்தது.

இந்தப் புளுகையெல்லாம் சகித்துக்கொண்டு கிளியம்மாள் ஏன் அங்கே நின்றாள் என்று கேட்கலாம். அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. அந்தப் பதிவேட்டில் தன் பேர் ஏறவேண்டும். தினக்கூலியில் அல்ல, நிரந்தர வாட்சராக, கிளியம்மாள் என்று எழுதியிருக்க வேண்டும். "ஏழு வருசமா என் வெரலு, அவன் பேரு" என்று அடுப்படியில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எலெக்‌ஷன் சமயத்தில் கட்சிக்காரன் வீட்டில் கொடுத்துவிட்டுப் போன ஓட்டுச் சீட்டு ஒன்று அவளிடம் இருந்தது. அதில் அவள் பேர் எழுதியிருந்தது. உலகத்தில் அவள் பேர் எழுதிய காகிதம் அது ஒன்றுதான். அதைப் பார்த்துப் பார்த்து, வீட்டுப் பின்சுவரில் அடுப்புக்கரியால் ஆறு எழுத்தையும் போட்டுப் பழகிவிட்டாள். கடைசி எழுத்தின் சுழி மட்டும் கொஞ்சநாள் தகராறு செய்தது. பிறகு அதுவும் வந்தது.

அந்தப் பங்குனியில்தான் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. இலாகாவில் பெரிய அதிகாரியான ரகுபதி என்பவர், பதிவேட்டு நகலைப் பார்த்து மகிழ்ந்துபோய், நாலாயிரம் பறவைகளும் வடக்கே கிளம்புவதற்கு முன் நேரில் கண்டுகளிக்க வருகிற வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருகிறாராம். கோதண்டராமன் கடிதத்தை மூன்று தரம் படித்தார். நாலாவது தரம் படித்துக்கொண்டே எழுந்து வாசலுக்கு வந்தார்.

"கிளி, ஏரியில இப்ப எத்தனை இருக்கு?"

"நாப்பத்தி மூணு."

"முங்கினதையும் சேத்தா?"

"முங்கினா வெளிய வந்துதான் சார் ஆவணும். நாப்பத்தி மூணுதான்."

சுப்பன் அப்போது ஆபீஸ் வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தான். அவன் வாழ்நாளில் ஒரே ஒரு யோசனை சொல்லியிருக்கிறான், அது இதுதான். "வாத்துதான சார் வோணும்? அப்பாவு கீறான்ல?"

அப்பாவு ஆரணிப் பக்கத்து ஆள். தை மாசம் அறுப்பு முடிந்ததும் எண்ணூறு வாத்துகளை ஓட்டிக்கொண்டு கிளம்புவான். அறுத்த கழனியில் சிந்திய நெல்லையும் நத்தையையும் மேயவிட்டுக்கொண்டே ஊர் ஊராக வந்து, பங்குனியில் வடக்குப்பட்டுக் கழனிவெளியில் பட்டி போட்டிருப்பான். கையில் நீளக் கழி, அதன் நுனியில் கிழிந்த குடைத் துணி. தண்ணீருக்காக ஏரியில் வாத்தை இறக்கினால், பறவைகளுக்குத் தொந்தரவு என்று கோதண்டராமன்தான் ஆள் அனுப்பி அவனை விரட்டுவார். இப்போது அதே கோதண்டராமன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கழனிவெளிக்குப் போனார். ஒரு மாசம் ஏரியில் இஷ்டத்துக்கு மேய்த்துக்கொள்ளலாம், வியாழக்கிழமை மட்டும் அத்தனை வாத்தையும் தண்ணீரில் விட்டுவிட்டுப் பனைமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று பேச்சு முடிந்தது. அப்பாவுக்கு எதற்கென்று புரியவில்லை. வாத்துக்குத் தண்ணீர் கிடைக்கிறது என்பது புரிந்தது. அவனுக்கு அது போதும்.

கிளியம்மாள் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "நாலாயிரம்னு எழுதிட்டு எண்ணூறு வாத்த வுட்டா, மீதிக்கு இன்னா பண்ணுவீங்க? நீங்க எறங்கி நீந்துவீங்களா?"

கோதண்டராமனுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படும் நிலையில் அவர் இல்லை. "அன்னிக்கு அவர் கேட்டா நீதான் பதில் சொல்லணும். எனக்கு ஒரு பறவை பேரும் தெரியாது. இந்த ஒரு நாள் ஒழுங்காப் போகட்டும் கிளி, உன் பேரை நானே மேல எழுதறேன். நிரந்தரமா." ஒரு தாளை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார். கிளியம்மாள் மடியிலிருந்து ஓட்டுச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஆறு எழுத்து. அதே சுழி.

இத்தனை வருஷம் எல்லோரையும் துச்சமாகப் பார்த்த கிளியம்மாள் அந்தத் தாளைப் பார்த்ததும் மசிந்துவிட்டாள். "சரி சார்" என்றாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வாத்துகள் தண்ணீரில் இறங்கின. பெரும்பாலும் மங்கிய பழுப்பு நிறம்தான். தூரத்திலிருந்து பார்த்தால் கிளுவை என்று சொல்லி ஏமாற்றலாம். ஆனால் பத்துப் பன்னிரண்டு வெள்ளை இருந்தது. அவற்றைப் பிரித்து ஓட்டப் பார்த்தால் மொத்தக் கூட்டமும் கூடவே கரையேறியது. வெள்ளைக்குச் சேறு பூசச் சொன்னார் கோதண்டராமன். சுப்பன் பூசினான். தண்ணீரில் இறங்கிய பத்தாவது நிமிஷம் பன்னிரண்டும் வெளுத்துப் பளபளவென்று வந்தன. அதிகாரிக்காக இளநீரும் கனகாம்பர மாலையும் காத்திருந்தன. ஒன்பது மணி போனது. பன்னிரண்டு போனது. இளநீரைச் சுப்பன் குடித்தான்.

ஜீப் வந்து சேர்ந்தபோது மாலை ஐந்து. ரகுபதி இறங்கினார். கழுத்தில் பைனாகுலர், கையில் பறவைகளைப் பற்றிய சிறு புத்தகம். வரும் வழியில்தான் படித்திருக்க வேண்டும். பத்தாம் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டு அடையாளமாக வைத்திருந்தது. பெஞ்சின் மேல் ஏறி நின்று பைனாகுலரை வைத்துப் பார்த்தார். ஏரி முழுக்க வாத்து, அடித்தொண்டையில் கத்திக்கொண்டு.

"அற்புதம்!" என்றார். "ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வருகின்றன. அந்தக் குரலைக் கவனியுங்கள், கோதண்டராமன். அந்நிய தேசத்துக் குரல்!"

"ஆமாம் சார். அந்நிய தேசம்தான் சார்" என்றார் கோதண்டராமன்.

"அந்த வெள்ளைப் பறவைகள்?"

கோதண்டராமன் கிளியம்மாளைப் பார்த்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் அதிகாரியே பதிலும் சொல்லிக்கொண்டார். "பனிப் பிரதேசத்தைச் சேர்ந்தவை. நிறத்தைப் பார்த்தாலே தெரிகிறதே."

படித்த கஸ்மாலம் என்று கிளியம்மாள் மனதுக்குள் நினைத்துக்கொண்டாள். கொல்லைப்புறத்தில் நிற்கிற வாத்தைக் கண்ணால் பார்த்திருந்தால் போதும், புத்தகமே வேண்டாம்.

இதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் வாத்துக்கு அதிகாரி வந்த நேரம் தெரியாது, பட்டிக்குத் திரும்புகிற நேரம்தான் தெரியும். ஐந்தரை மணி ஆனதும் முன்னால் நின்ற கிழட்டுப் பெட்டை கரையேறியது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் எண்ணூறும், ஒற்றை வரிசையில், ஆடி அசைந்து, நேராகப் பெஞ்சை நோக்கி. பனைமரத்துக்குப் பின்னால் இருந்த அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த நேரத்தில் கூட்டம் சிதறினால் நரி தூக்கிவிடும். சூப்பர்வைசராவது அதிகாரியாவது! கழியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, "ஓ...வா! ஓ...வா!" என்று குரல் கொடுத்தான். தண்ணீரில் மிச்சமிருந்ததும் குடுகுடுவென்று கரையேறி ஓடிவந்தது. பாதி வாத்து ரகுபதியின் காலுக்கு நடுவில் புகுந்து போனது.

கோதண்டராமன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அதோடு விட்டதா? வாத்துக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பட்டிக்குள் அடைக்குமுன் ஒவ்வொரு நாளும் எண்ணிவிடுவார்கள். இரண்டு குச்சியை நட்டு, நடுவில் ஜோடி ஜோடியாக விடுவார்கள். ஐம்பது ஜோடிக்கு ஒரு கூழாங்கல் மடியில் விழும். அப்பாவு அதிகாரிக்கு எதிரிலேயே குச்சியை நட்டு எண்ண ஆரம்பித்துவிட்டான். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசி ஜோடி போனதும் மடியைத் தடவிப் பார்த்து, யாரிடம் சொல்வது என்று தெரியாமல், பெரிய மனுஷனாகத் தெரிந்த ரகுபதியிடமே சொன்னான்.

"எட்டு கல்லு, ஆறு ஜோடி சாமி. எண்ணூத்திப் பன்னெண்டு. ஒண்ணும் கொறயில."

ரகுபதி திரும்பினார். "யார் இவர்?"

கோதண்டராமனின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கிளியம்மாளுக்கு அந்தத் தாளும் ஆறு எழுத்தும் கண்முன்னால் நின்றன. இப்போது விட்டால் எப்போதும் இல்லை. ஒரு அடி முன்னால் வந்தாள்.

"இவருதான் சார் இங்க பட்சி எண்றவரு. பேரு அப்பாவு. ரொம்ப வருசமா பாத்துகினு கீறாரு. அவுரு கொரலுக்கு இதுங்க பழகிப்பூட்ச்சு. கூப்புட்டா கரைக்கு வரும், எண்ணிக்கினதும் பூடும்."

"காட்டுப் பறவைகளா?"

"ஆமா சார்."

"பதிவேட்டில் நாலாயிரம் என்று இருந்ததே?"

"மீதி நேத்தே கெளம்பிப் பூட்ச்சு சார். காத்து தெக்கேந்து திரும்பிச்சுல்ல, அதான்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே நாக்கில் கசந்தது. காற்று திரும்பினால் கிளம்பும் என்பது மெய். அந்த மெய்யைப் போய் இந்தப் பொய்க்கு முட்டுக்கொடுக்க வைத்துவிட்டாளே. ஆனால் ரகுபதியின் கண் கலங்கியிருந்தது. அறிவு இல்லாதவனுக்கு ஆனந்தம் சுலபமாக வரும். உட்கார்ந்து பார்வையாளர் புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதினார்: மனிதனுக்கும் பறவைக்கும் இடையே இப்படி ஒரு நம்பிக்கையை இந்தியாவில் வேறெங்கும் கண்டதில்லை; ஒன்றுகூட விடாமல் எண்ணுகிற இப்படி ஒரு கணக்கெடுப்பை உலகத்திலேயே கண்டதில்லை.

அவர் எழுதிக்கொண்டிருந்தபோது, வடக்கு மூலைக் கோரையிலிருந்து கிளுவைகள் எழும்பின. ஒரு சுற்றுச் சுற்றி உயரம் பிடித்து, பூங்காவுக்கு மேலாக, அதிகாரியின் தலைக்கு நேர் மேலே, வடக்கே போயின. கிளியம்மாள் அண்ணாந்து பார்த்தாள். நாற்பத்து மூன்று. இனி ஐப்பசிக்குத்தான் வரும்.

சிறகுச் சத்தம் கேட்டு ரகுபதி தலையைத் தூக்கினார். "அது என்ன? காக்கையா?"

"காக்காதான் சார்" என்றார் கோதண்டராமன். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. கிளியம்மாளுக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் வாய்க்காலில் இறங்கி, காலைக் கழுவுவதற்கு முன் வாயைக் கொப்பளித்தாள். ஏழு வருஷமாகக் கோதண்டராமனைப் பார்த்து என்ன நினைத்தாளோ, அதைத் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டு போனாள். பேர் ஏறிவிட்டால் சரியாகிவிடும் என்றும் நினைத்தாள்.

ஆனி மாசம் உத்தரவு வந்தது. கோதண்டராமன் ஆள் அனுப்பினார். கிளியம்மாள் குளித்து, இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, ஓட்டுச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். சுப்பனும் காக்கிச் சட்டையோடு வந்து வாசலில் நின்றான். கோதண்டராமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"கீரமேடு பறவைப் பூங்காவில் 'பறவைக் கணக்கெடுப்பாளர்' என்னும் நிரந்தரப் பணியிடம் ஒன்று உருவாக்கப்படுகிறது. காட்டுப் பறவைகளையும் தம் குரலுக்குக் கட்டுப்பட வைத்து, துல்லியமாக எண்ணும் அரிய திறன் படைத்த திரு. அப்பாவு அவர்கள் அப்பணியில் நியமிக்கப்படுகிறார். அவர் பொறுப்பேற்கும் நாள் முதல் தினக்கூலிக் காவலர் இடம் ரத்தாகிறது."

கிளியம்மாள் மடியில் இருந்த ஓட்டுச் சீட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "என் பேர எழுதறேன்னீங்களே சார்?"

"நான் எழுதினா மட்டும் ஆகுமா? அவரே நேர்ல பாத்துட்டுப் போட்டிருக்கார்." அவர் எழுதவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "நீதானே சொன்னே, இவர்தான் பட்சி எண்றவர்னு? நான் ஒரு வார்த்தை பேசினேனா?"

அது உண்மைதான். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள்தான் சொன்னாள், பேரோடு.

வாசலில் சுப்பன் அழ ஆரம்பித்தான். "ஏழு வருசம் ஒழச்சனே சார், என் வேல பூட்ச்சா?" என்று காக்கிச் சட்டையில் மூக்கைத் துடைத்தான். அவனை யாரும் சட்டை செய்யவில்லை.

கோதண்டராமன் குரலைத் தாழ்த்தினார். "இதுல ஒரு சங்கடமும் இல்ல கிளி. அப்பாவு எந்த ஊர்ல, எந்தக் கழனியில மேய்க்கறானோ, அவனை எவன் தேடறது? அவன் பேரு காகிதத்துல இருக்கட்டும். வேலையை நீ பாரு. சுப்பனுக்கு வெச்ச கைநாட்டை அப்பாவுக்கு வெச்சுட்டுப் போ. விரல் ஒண்ணுதானே?" என்று பொறுப்பேற்புத் தாளைத் திருப்பி வைத்து, மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார்.

புருஷன் பேருக்குக் கட்டைவிரல் வைத்தபோது, போகிறது, நம் வீட்டுப் பேர்தானே என்று ஒரு சமாதானம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அவள் மைப்பெட்டியைத் தொடவில்லை. மேஜைமேல் கிடந்த அவருடைய பேனாவை எடுத்தாள். அவள் எடுத்ததிலேயே அவர் திகைத்துவிட்டார், தடுக்கத் தோன்றவில்லை. திரு. அப்பாவு என்று அச்சடித்திருந்த இடத்துக்கு எதிரே, குனிந்து, மெதுவாக, கரிச்சுவரில் போட்டுப் பழகிய ஆறு எழுத்தையும் எழுதினாள். கிளியம்மாள். சுழி சரியாக வந்தது.

"ஐயையோ, கவர்மெண்டு காகிதம்!" என்று கோதண்டராமன் அலறினார். "என்ன காரியம் பண்ணே! இதை நான் மெட்ராஸுக்கு அனுப்பணும்! உனக்கு எழுத வேற தெரியுமா?"

"தெரியும் சார். எண்ணவும் தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். சிவப்பு மையால் அந்தப் பேரின் மேல் மூன்று கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தன் கட்டைவிரலையே அப்பாவுக்காக வைத்து அனுப்பினார் கோதண்டராமன். அவர் சொன்னது சரிதான். ரேகையைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

அந்த ஐப்பசியில் மழை கொட்டியது. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்தது. பத்து வருஷத்தில் வராத கிளுவையெல்லாம் வந்து இறங்கியது. கிளியம்மாள் கரைக்குக் கீழே ஒரு நிலத்தில் மல்லாட்டைக் கடலைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தாள். பங்குனி வந்தது. ஒருநாள் காலையில் வரப்பின் மேல், சேறு படாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோதண்டராமன் வந்து நின்றார். முதல் பெஞ்சைத் தாண்டி அவர் வந்தது வாழ்க்கையில் இது இரண்டாம் தரம்.

"கிளி, பெரியவர் மறுபடி வரார். இந்தத் தடவை கூட ரெண்டு வெள்ளைக்காரங்க. அவங்க தாங்களே எண்ணிப் பாப்பாங்களாம். பதிவேட்டுல இருக்கறதும் அவங்க எண்றதும் ஒத்துப்போகணும். இந்த ஒரு தடவை சரியான எண்ணிக்கை வேணும். கரை மேல ஏறி ஒரு தரம் பாத்துச் சொல்லிடு, உனக்கு என்ன, ஒரு நிமிஷம்."

கரை மேல் ஏறத் தேவையே இல்லை. அந்த நேரத்தில்தான் தெற்குக் காற்றில் மொத்தக் கூட்டமும் எழும்பி, இறங்க இடம் பார்த்து ஏரிக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தது. கிளியம்மாள் களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். ஒரு தரம் பார்த்தாள். அவள் கண்ணுக்கு அது போதும் என்று கோதண்டராமனுக்கும் தெரியும். பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"அதான் அப்பாவு கீறாருல்ல சார்" என்றாள் கிளியம்மாள். "அவர போயி கேளுங்க."

குனிந்து அடுத்த செடிக்குக் களை வெட்டினாள்.